மிலிட்டரி தண்ணீர் குடிக்கவில்லை

மண்சட்டியில் தண்ணீரை வைத்துவிட்டு நானும் நல்லாயியும் மூன்றடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தோம். எதிரே வேப்பமரத்தில் கட்டிப் போட்டிருந்த நாய் சட்டியைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. பிறகு சட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

நாயின் பெயர் மிலிட்டரி. நல்லாயி வீட்டுத் தோட்டத்து நாய். நல்லாயி என் சிநேகிதி. எங்கள் இருவருக்கும் அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும்.

அவளுடைய வலது முன்கையில் வெள்ளைத் துணிக் கட்டு. கட்டுக்குள்ளே மிலிட்டரி கடித்த காயம். கடித்து அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது. வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்று ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். வெறிநாய் கடித்தவர்கள் பிழைப்பதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அது ஆட்டையாம்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே, மிலிட்டரி தண்ணீர் குடிக்காவிட்டால் நல்லாயி செத்துப்போவாள். செத்துப்போனால் அதற்கு நான்தான் காரணம்.

சட்டியை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினேன். மிலிட்டரி திரும்பாமலே வாலை மட்டும் ஒரு தடவை ஆட்டியது.

"தாகமில்லையாட்ட இருக்குது" என்றாள் நல்லாயி, காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. 

ராசிபுரத்துக் கடிதம்

போன வாரம் இந்தத் தொடரில் என் பள்ளிக்கூடத்துச் சமாசாரத்தைப் பாதியில் விட்டேன். அதைத் தொடராமல் இந்த வாரம் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வந்ததற்கு ராசிபுரத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றுதான் காரணம். எழுதியவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி.

நான் குழந்தைகளுக்கென்று எழுதிய சின்னப் புத்தகங்களில் ஒன்று, பயந்தாங்கொள்ளி நாய் ஒன்றையும் இரண்டு சிநேகிதிகளையும் பற்றிய வேடிக்கைக் கதை. பதினோரு அத்தியாயம். அதைப் படித்துவிட்டு அவள் கேட்கிறாள்: அந்த நாய் நிஜமாகவே இருந்ததா? நிஜமாகவே கோழிக்குப் பயந்ததா? இல்லை, நாங்கள் சிரிக்க வேண்டும் என்று எழுதினீர்களா?

இருந்ததம்மா. கோழிக்குப் பயந்தது நிஜம். தவளைக்குப் பயந்ததும் நிஜம். நான் எழுதாமல் விட்டது ஒரு பத்து நாளை மட்டும்தான். குழந்தைகள் சிரிக்கிற புத்தகத்தில் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். இன்றைக்கும் பால்காரர் கால்மணி நேரம் தாமதித்தால் அவருக்கு என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தப் பத்து நாளை நான் பட்டதுபோல அவர்கள் பட்டிருந்தால் அவர்களும் நடப்பார்கள்.

பட்டாளத்து வீரன்

அது யுத்த காலம். ஒரு நாள் சேலம் ரோட்டில் பட்டாளத்து லாரிகள் வரிசையாகப் போயின. கடைசி லாரியின் புழுதி அடங்கியபோது ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. அது பட்டாளத்துக்காரர்கள் தவற விட்ட குட்டி என்று நல்லாயி அடித்துச் சொன்னாள். மிலிட்டரி என்று பேர் வைத்து மடியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள்.

பட்டாளத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. அடைக்கோழி ஒன்று சிலிர்த்துக்கொண்டு வந்தால் மிலிட்டரி மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் போய்விடும். ஒரு தடவை யாருடைய ஆடோ தோட்டத்தில் புகுந்து அவரைக்கொடியை மேய்ந்தது. மிலிட்டரி நல்லாயியின் அப்பா கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு பார்த்தது. ஆடு வயிறு நிறைந்து வேலி தாண்டிப் போன பிறகு தைரியமாக நாலு குரைப்புக் குரைத்தது.

அந்த நாய்தான் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது. நல்லாயியின் வீடு ஊருக்கு மேற்கே, தோட்டத்துக்குள். என் வீடு நெசவுக்காரர் தெருவில். நாயைத் தேடிக்கொண்டு அவள் தினமும் எங்கள் தெருவுக்கு வருவாள். நாய் எங்கள் தெருவுக்கு வந்தது கஞ்சிக்கு.

பாவு காவல்

நெசவுத் தெருவைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாட்டு நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் பாவு. வெயில் ஏறுவதற்குள் அதற்கு அரிசிக் கஞ்சி தடவி, பெரிய புருசால் நீவி நீவி உலர்த்த வேண்டும். கஞ்சி ஏறினால்தான் நூல் தறியில் அறாமல் ஓடும். கஞ்சியில் கொஞ்சம் எண்ணெயும் விடுவார்கள். நாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே நெசவுக்காரர் வீட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் உத்தியோகம் பாவு காவல். கையில் ஒரு புளியங்குச்சி. ஆடு, கோழி, நாய் எதுவும் அண்டக்கூடாது. நான் மட்டும் மிலிட்டரிக்கு ஓர் இலையில் ஒரு கரண்டிக் கஞ்சியைத் தனியாக வைத்துவிடுவேன். அது பாவின் பக்கம் திரும்பாமல் தின்றுவிட்டுப் போய்விடும். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

அந்த ஆண்டு வீட்டு வாசலில் நீண்டது சாதாரணப் பாவு இல்லை. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையில் அம்மனுக்குச் சாத்துகிற சேலையை எங்கள் தெருவில் முறை வைத்து நெய்வார்கள். வருஷத்துக்கு ஒரு வீடு. முறை ஒரு தடவை வந்து போனால் அந்த வீட்டுக்கு மறுபடி வர ஒரு தலைமுறை ஆகும். நூல் வீட்டுக்குள் வந்த நாள்முதல் கவுச்சி கூடாது. குளித்துவிட்டுத்தான் கஞ்சி காய்ச்ச வேண்டும். எச்சில் பட்டால் அந்தப் பாவு அம்மனுக்கு ஆகாது.

அந்த வருஷம் முறை அப்பாவுக்கு. யுத்தத்தால் நூல் கிடைக்காத நேரம். மாதக்கணக்கில் அலைந்து நல்ல நூலாகச் சேர்த்திருந்தார். அதிகம் பேசாத மனிதர், அம்மன் சேலையைப் பற்றி மட்டும் யார் எதிர்ப்பட்டாலும் நின்று பேசினார். நானும் சும்மா இருக்கவில்லை. எங்க அப்பாதான் நெய்கிறார், எங்க அப்பாதான் நெய்கிறார் என்று நல்லாயியிடம் தினமும் பீற்றிக்கொண்டேன். அவள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

கரி பஸ்

பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பை மாட்டி ஓட்டிய காலம் அது. கொஞ்ச தூரம் ஓடும், முக்கும், நின்றுவிடும். ஆள் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதிவிடுவார். பொறி பறக்கும். எங்களுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

அன்று சந்தை நாள். காலையில் பாவுக்குப் பாதிக்குமேல் கஞ்சி தடவியாயிற்று. அப்பாவும் அம்மாவும் ஒரு வாய் சாப்பிட உள்ளே போனார்கள். கஞ்சிச் சட்டியும் நானும் தெருவில். அந்த நேரம் பார்த்து ரோட்டில் கரி பஸ் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஒரு நொடியில் வந்துவிடலாம் என்று ஓடினேன்.

திரும்பி வந்தபோது மிலிட்டரி பாவின் அடிப்பக்கத்தை ஓரிடத்தில் நக்கிக்கொண்டிருந்தது. நான் கிட்டே வருவதற்குள் சட்டிக்குள் தலையை விட்டுவிட்டது. என் சத்தம் கேட்டுத் தலையை எடுத்தது. காதுவரை வெள்ளை. மூக்கு நுனியிலிருந்து கஞ்சி சொட்டியது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சிரிப்பு அடங்கியதும்தான் அது எந்தப் பாவு என்பது உறைத்தது. குச்சியால் நாயை விரட்டினேன். சட்டியில் நாய் மூஞ்சி பதிந்த பள்ளத்தைக் கையாலேயே மெழுகிச் சமன் செய்தேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "யாரும் வல்லியே?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். மிச்சக் கஞ்சியை எடுத்து அம்மன் பாவில் தடவ ஆரம்பித்தார்.

சந்தையில் நடந்தது

வீட்டுக்குப் போகிற வழியில் மிலிட்டரி சந்தைக்குள் நுழைந்தது. வாயெல்லாம் வெள்ளையாக ஒழுகிக்கொண்டு வந்த நாயைக் கண்டு வெளியூர் மாட்டு வியாபாரி ஒருவர் வெறிநாய் என்று கத்தினார். அவ்வளவுதான். கம்பு, கல், வண்டியின் முளைக்குச்சி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆட்கள் துரத்தினார்கள். கோழிக்குப் பயப்படுகிற நாயை ஐம்பது பேர் துரத்தினால் அது எப்படி ஓடும்? நாக்கு தொங்க, கண் பிதுங்க, திக்குத் தெரியாமல் ஓடியது. பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

நல்லாயி அம்மாவுடன் சந்தைக்கு வந்திருந்தாள். கூட்டத்துக்குள் புகுந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விடு விடு என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் விடவில்லை. அப்போது யாரோ எறிந்த கல் நாயின் இடுப்பில் விழுந்தது. வலியில் அது பக்கத்தில் இருந்ததைக் கடித்தது. பக்கத்தில் இருந்தது அவள் கை. கடித்ததும் அதுவே பயந்துபோய் அவள் பாவாடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டதாம். அப்படியே கயிற்றைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

எனக்குச் செய்தி தெரிந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது டாக்டர் காயத்தைக் காரமான மருந்தால் கழுவிக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். நாய் வாயில் நுரை தள்ளியதா என்று டாக்டர் கேட்டார். நல்லாயியின் அப்பாவைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் தள்ளியது என்றார்கள். அப்படியானால் காத்திருக்கக்கூடாது, சேலத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட வேண்டும் என்றார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, தினம் ஒன்று.

அது நுரை இல்லை என்று அந்த இடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள்

திறக்காததற்கு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஊசி போட்டால் நல்லாயி பிழைத்துக்கொள்வாள். அப்பாவின் முறையும் போகாது. யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்பது வயதில் இவ்வளவு சாமர்த்தியம் இருந்திருக்கிறது.

ஆனால் நஷ்டம் ஒவ்வொன்றாக வந்தது. பதினான்கு நாள் சேலத்தில் தங்குவதற்கு நல்லாயியின் அப்பா தோட்டத்துக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதனால் மூன்றாம் நாள் விடிகாலையில் வண்டி கட்டுவது என்று முடிவாயிற்று. வண்டி கிளம்பியதும் நாயை அடித்துப் புதைத்துவிடலாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஓமலூர்ப் பக்கம் யாரோ ஒருவருக்கு அந்த ஊசிக்குப் பிறகு கால் விளங்கவில்லை என்று ஒரு பேச்சும் கிளம்பியது. உண்மையோ பொய்யோ, நல்லாயியின் அம்மா அதைக் கேட்டதிலிருந்து சோறு தின்னவில்லை.

எங்கள் வீட்டிலோ, தறியில் ஏறிய அம்மன் பாவு ஓரிடத்தில் அறுந்துகொண்டே இருந்தது. நாய் நக்கிய இடத்தில் கஞ்சி இல்லை, நூல் பிசிறடித்தது. அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிவிட்டாய் என்று அம்மாவைத் திட்டினார். அம்மா அறுந்த இழைகளை முடிந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அம்மா புளிச்சோறு கட்டினாள். சேலம் போகிறவர்களுக்கு வழியில் சாப்பிடக் கொடுக்க. அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, அதோட வாயில இருந்தது நொரை இல்லீங்கப்பா. நம்ம பாவுக் கஞ்சி. சட்டியில வாய வெச்சிருச்சு. பாவையும் நக்கிருச்சு."

குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா அவர் கையிலேயே நின்றது. அறுந்து முடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"அது கஞ்சிதான்னு நெசமாத் தெரியுமா சாமி? அந்தப் புள்ளையோட உசுரு இது. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு."

தெரியும் என்றேன். அப்பா கத்தியை எடுத்தார். இன்னும் நெய்யாமல் கிடந்த பாவில் பிசிறடித்த இடத்தை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அம்மன் சேலை அங்கேயே முடிந்தது.

வண்டியை நிறுத்தினார்

வண்டி ரோட்டில் ஏறுகிற இடத்தில் பிடித்தோம். வைக்கோல் மெத்தையில் நல்லாயி உட்கார்ந்திருந்தாள். வழியனுப்ப வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மன் பாவில் நாய் வாய் வைத்ததை, அது தெரியாமல் இரண்டு நாள் நெய்ததை, ஒன்றையும் மறைக்கவில்லை. எங்கள் தெருக்காரர் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நல்லாயியின் அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க மொதலியாரே, ஒரு சின்னப் புள்ள பேச்ச நம்பி எம் பொண்ண வண்டியில இருந்து எறக்கறதுங்களா?"

"அவ பேச்ச நம்ப வேண்டாங்க. இந்த நூலத் தொட்டுப் பாருங்க" என்று அப்பா தோளில் கிடந்ததை எடுத்து நீட்டினார்.

வண்டி சேலத்துக்குப் போகவில்லை; ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. டாக்டர் நூலைப் பார்த்தார், தோட்டத்துக்கே வந்து நாயைப் பார்த்தார். நுரை இல்லையென்றால் காத்திருக்கலாம் என்றார். கடித்த நாளிலிருந்து பத்து நாள். நாய் நன்றாக இருந்தால் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. சாப்பிடாவிட்டாலும், தண்ணீர் குடிக்காவிட்டாலும், நடை தள்ளாடினாலும், குரல் மாறினாலும், நாய் காணாமல் போனாலும் அந்த நிமிஷமே சேலத்துக்கு ஓட வேண்டும்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்குத்தான் மூச்சு நின்றது. வாயில் கஞ்சி இருந்தது எனக்குத் தெரியும். கஞ்சிக்கு அடியில் நுரையும் இருந்திருந்தால்? வெறி பிடித்த நாய் கஞ்சி குடிக்கக் கூடாது என்று சட்டமா? என் ஒரு வார்த்தையால் அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சொல்லாமல் இருந்தபோது இருந்த பயம் ஒரு பங்கு என்றால் சொன்ன பிறகு வந்தது நாலு பங்கு.

குரைத்துக் காட்டு

அதிலிருந்து பொழுது விடிந்தால் நான் தோட்டத்தில் இருப்பேன். டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் சோதிப்பேன். நடை சரி. சாப்பாடு சரி. குரல்தான் தகராறு. மிலிட்டரி குரைப்பதே அபூர்வம். மாறியிருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? நாங்கள் குரைத்துக் காட்டினோம். அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது. அடைக்கோழியைக் கொண்டுவந்து எதிரில் விட்டோம். மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. இது பழைய பயமா, வெறிக்கு அடையாளமான பயமா என்று ஒரு மத்தியானம் முழுக்க எனக்குக் கவலை.

ஆறாம் நாள்தான் அது தண்ணீருக்கு முதுகைக் காட்டியது. நான் அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினேன். மிலிட்டரி தண்ணீர் குடிக்கவில்லை என்றதும் நல்லாயியின் அம்மா முகம் வெளிறிப்போயிற்று. அப்புறம் மெதுவாகச் சொன்னார், விடிந்ததும் ஒரு சட்டி மோர் வைத்துப் பார்த்தாராம், பூராவும் குடித்ததாம்.

மாட்டுக்கொட்டகையிலிருந்து நல்லாயியின் அப்பா எட்டிப் பார்த்தார். அவர் ஒரு வாளி கழுநீர் வைத்திருக்கிறார். தோட்டத்து ஆள் பழைய சோற்று நீர் ஊற்றியிருக்கிறார். அதற்கெல்லாம் முன்னால், பொழுது புலருகிற நேரத்தில் ஒரு செம்போடு வந்து தண்ணீர் காட்டிவிட்டுப் போனவர் என் அப்பா. ஒருத்தருக்கும் தெரியாமல் ஒவ்வொருத்தரும் வந்து அந்த நாய் குடிக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். மிலிட்டரியின் வயிறு தம்பட்டம் மாதிரி இருந்தது. ஐந்தாவது சட்டியை எந்த நாய் குடிக்கும்?

அன்றைக்குத்தான் நல்லாயியின் அப்பா கொஞ்சம் சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் மறுபடி பயம் வந்துவிட்டது.

எட்டாம் நாள்

எட்டாம் நாள் மத்தியானம் வேப்பமரத்தில் கயிறு மட்டும் தொங்கியது.

காலையில் கோடை இடி இரண்டு இடித்தது. அதில் மிரண்டு கழுத்தை உருவிக்கொண்டு போயிருக்கிறது. காணாமல் போனாலும் சேலம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்லாயியின் அப்பா மாட்டை அவிழ்க்கப் போனார். என் அப்பாவும் வந்து சேர்ந்தார். கிணறு, வாய்க்கால், வேலிக்கால் எல்லாம் தேடினார்கள். நான் வரப்பில் ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வண்டியில் காளையைப் பூட்டியாயிற்று. நல்லாயி மட்டும் அவசரப்படாமல் சோளத்தட்டுப் போரைச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் நின்று சாதாரணமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தட்டுக்குள்ளே வால் அடிக்கிற சத்தம் கேட்டது. காலைப் பிடித்து இழுத்துத்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு கயிறு போட்டுக் கட்டினார்கள். நல்லாயிக்குப் பயம் என்பதே இல்லையே என்று நான் ஆச்சரியப்பட்டேன். புத்தி கொஞ்சம் மந்தமோ என்றுகூட நினைத்தேன்.

பத்தாம் நாள்

பத்தாம் நாள் டாக்டர் வந்தார். மிலிட்டரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாய் இந்தத் தோட்டத்தில் இருக்கிற எல்லோரையும்விடச் சௌக்கியமாக இருக்கிறது, அவிழ்த்துவிடுங்கள் என்றார். நல்லாயியின் அம்மா மண்ணில் விழுந்து மாரியம்மனைக் கும்பிட்டார். எங்களுக்கு ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டு கிடைத்தது.

அந்த வருஷத்து அம்மன் சேலையை அடுத்த வீட்டுக்காரர் வேறு நூலில் நெய்தார். அப்பாவின் முறை போனது போனதுதான். சாகும்வரை அவருக்கு அது திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

நானும் நல்லாயியும் கிணற்று மேட்டில் உட்கார்ந்தோம். கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கையில் நாலு புள்ளியாகக் கருத்த தழும்பு. நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பத்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அது கஞ்சி என்று எனக்கு முதல் நாளே தெரியும் என்று ஆரம்பித்தேன்.

"எனக்குந்தான் தெரியும்" என்றாள் அவள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"கழுத்தக் கட்டுனப்பவே கையெல்லாம் வழவழன்னு ஒட்டுச்சு. மோந்து பாத்தேன். உங்க ஊட்டு வாசம்."

"அப்புறம் ஏன்டி டாக்டர்கிட்டச் சொல்லல?"

"சொன்னா உங்கப்பாவுக்கு அம்மன் சீலை போயிருமே."

கருப்பட்டியைக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அவள் இதைச் சொன்னாள். பதினான்கு ஊசிக்கும் சம்மதித்து அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கால் போய்விடும் என்று அம்மா அழுதபோதும் வாயைத் திறக்கவில்லை. நான் என் அப்பாவுக்காக அவளை அனுப்பத் துணிந்தேன். அவள் என் அப்பாவுக்காகப் போகத் துணிந்தாள்.

இத்தனை நாளும் தினமும் நான் வந்து உட்கார்ந்து பயந்து செத்தேனே, அப்போதாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீ என்னைய ஒண்ணுமே கேக்கலியே" என்றாள்.

குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பத்து நாளும் நாய் தின்றதா, குடித்ததா, குரல் மாறியதா என்று கேட்டிருக்கிறேன். அவள் சாவாளா என்று மனசுக்குள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கை வலிக்கிறதா என்று அவளை ஒரு தடவை கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அப்போதுதான் கேட்டேன்.

"மொத நாலு நாள் நல்லா வலிச்சுது" என்றாள் நல்லாயி. "இப்ப இல்ல."